உறைந்து இளகிய டிடி ஊசியைப் போடலாமா?

கேள்வி: சிறிய அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். அரசு தரும் தடுப்பூசிகளை வீட்டு உபயோக ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம். மின்தடை முடிந்து மறுநாள் காலை திறந்தபோது ஃப்ரீசரை ஒட்டிய தட்டில் இருந்த தெர்மாமீட்டர் மைனஸ் 2 காட்டியது. அதே தட்டில் டிடி (ரணஜன்னி எனும் டெட்டனஸ், தொண்டை அடைப்பான் இரண்டுக்குமான ஊசி), பென்டா (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி), ஹெபடைடிஸ் பி குப்பிகள் இருந்தன. அட்டைப்பெட்டி ஈரமாக இருந்தது. மதியம் பார்த்தால் எல்லாம் திரவமாகவே இருக்கிறது, குப்பி மேல் ஒட்டியிருக்கும் விவிஎம் எனும் வெப்பக் குறியும் நன்றாக இருக்கிறது. கவனிப்பதற்கு முன்பே இரண்டு பேருக்கு டிடி போட்டாகிவிட்டது. ‘வெயிலில் வைத்தால்தான் கெடும், குளிரில் ஒன்றும் ஆகாது’ என்கிறார் எங்கள் மருத்துவர். உறைந்தால் டாக்ஸாய்டு (ஊசியில் உள்ள விஷம் நீக்கிய நச்சு) மறுபடி விஷமாக மாறிவிடுமோ என்று நர்ஸ் பயப்படுகிறார். என்ன செய்வது? கலக்கிய எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) மருந்து மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் போடலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: அந்தத் தட்டில் இருந்த குப்பிகள் எதையும் இன்று யாருக்கும் போடாதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள். மூன்று வகையையும் ஒரு பையில் போட்டு, ‘பயன்படுத்த வேண்டாம், சோதனைக்கு’ என்று எழுதி, தேதி, நேரம், தெர்மாமீட்டர் காட்டிய எண், ஒவ்வொரு பேட்ச் எண், குப்பிகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் குறித்து, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். இது அரசு தடுப்பூசி என்பதால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். மாற்றுக் குப்பிகள் கிடைக்கவும் அதுதான் வழி.

உங்கள் மருத்துவர் சொல்வது பாதி சரி. வெப்பம் தடுப்பூசியைக் கெடுக்கும், ஆனால் மெல்ல மெல்லக் கெடுக்கும். ரணஜன்னி டாக்ஸாய்டு தடுப்பூசிகளிலேயே வெப்பத்தை நன்றாகத் தாங்குவது. 37 டிகிரியில்கூடச் சில வாரங்கள் அதன் வீரியம் நிற்கும். (அதற்காக மேசையில் வைத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. பென்டாவில் உள்ள கக்குவான் இருமல் பகுதிக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது.) உறைதல் அப்படியல்ல, ஒரே ஒருமுறை உறைந்தாலும் போதும், அந்தக் குப்பி போனதுதான். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான கட்டுரை ஒன்று, பார்த்த ஃபிரிட்ஜுகளிலும் போக்குவரத்திலும் 14 முதல் 35 சதவீதத்தில் தடுப்பூசி உறைநிலைக்குப் போயிருந்தது என்கிறது. ஏழை நாடுகளில் மட்டுமல்ல, பணக்கார நாடுகளிலும் இது நடக்கிறது. ‘குளிர் இருந்தால் நல்லது’ என்ற எண்ணம்தான் எங்கும் இந்தத் தவறைச் செய்ய வைக்கிறது.

உறைந்தால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். ரணஜன்னிக் கிருமி, தொண்டை அடைப்பான் கிருமி இரண்டும் சுரக்கும் நச்சுப் புரதத்தை ஃபார்மாலின் கொண்டு விஷமற்றதாக்கினால் கிடைப்பது டாக்ஸாய்டு. 1920களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காஸ்தோன் ரமோன் செய்து காட்டிய முறை இது. டாக்ஸாய்டை மட்டும் கொடுத்தால் உடல் லேசாகத்தான் எதிர்வினை காட்டும். அதனால் அலுமினிய உப்பின் மிக நுண்ணிய துகள்கள் மேல் அதைப் படியவைக்கிறார்கள். குப்பியைக் குலுக்கினால் பால் போலக் கலங்கித் தெரிவது அந்தத் துகள்களே. நீர் உறையும்போது பனிப்படிகம் தூய நீராக மட்டுமே வளர்கிறது. உப்பையும் அலுமினியத் துகள்களையும் படிகங்களுக்கு நடுவே உள்ள குறுகிய இடங்களுக்குத் தள்ளி நெருக்குகிறது. நெருங்கிய துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. இளகிய பிறகு அவை பிரிவதில்லை. உறைந்து இளகிய தயிர் நீர் பிரிந்து திரிதிரியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், எவ்வளவு கடைந்தாலும் பழைய பதம் வராது. இங்கேயும் அதே கதைதான். துகள் பெரிதாகிவிட்டால் நோய் எதிர்ப்புச் செல்கள் அதை முன்போல் எடுத்துக்கொள்ளாது, ஊசியின் பலன் குறையும். ஊசி போட்ட இடத்தில் வீக்கம், கட்டி வரும் வாய்ப்பும் கூடும்.

இதை வைத்து நர்ஸின் பயத்துக்கும் பதில் சொல்லிவிடலாம். உறைதல் சிதைப்பது அலுமினியத் துகள்களின் அமைப்பை. ஃபார்மாலின் புரதத்தில் போட்ட வேதிப் பிணைப்பை அது அவிழ்ப்பதில்லை. டாக்ஸாய்டு திரும்ப விஷமாகுமா என்பதைத் தயாரிப்பாளர்களே சோதித்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். சுத்திகரித்த டாக்ஸாய்டை 37 டிகிரியில் 6 வாரம் வைத்திருந்து கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, நச்சின் அறிகுறி எதுவும் இல்லை என்று பார்ப்பார்கள். உங்கள் குப்பிகளால் யாருக்கும் ரணஜன்னி வராது. ஊசி போட்டும் பாதுகாப்பு கிடைக்காமல் போவதுதான் இங்கே ஆபத்து.

விவிஎம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெப்பத்தை மட்டும் பதிவு செய்யும் குறி. நடுச் சதுரம் சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறியிருந்தால் ‘அதிக வெப்பம் படவில்லை’ என்பதற்கு மேல் அதில் எந்தச் செய்தியும் இல்லை. கல்லாக உறைந்த குப்பியிலும் விவிஎம் அழகாகவே இருக்கும். வெறும் கண்ணால் திரவமாகத் தெரிவதும் சாட்சியாகாது.

மைனஸ் 2 காட்டியதால் எல்லாமே உறைந்திருக்கும் என்றும் முடிவு கட்ட வேண்டாம். தெர்மாமீட்டர் சொன்னது அது இருந்த இடத்தின் காற்றை, குப்பிக்குள் இருந்த திரவத்தை அல்ல. தவிர, திரவம் உறைநிலைக்குக் கீழே போயும் சில நேரம் உறையாமலே நிற்கும். ஒரு அதிர்வில் சட்டென்று படிகம் தொடங்கும். எனவே ஒரே தட்டில், ஒரே பெட்டியில், ஒரு குப்பி உறைந்து பக்கத்துக் குப்பி தப்பியிருக்கலாம். இதைப் பிரித்தறியத்தான் ஷேக் டெஸ்ட், அதாவது குலுக்கிப் பார்க்கும் சோதனை. 2010இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த ஆய்வில் இந்தச் சோதனையின் முடிவுகளை நுண்ணோக்கி முடிவுகளோடு ஒப்பிட்டார்கள், முறைப்படி செய்தால் நம்பலாம் என்று உறுதியானது. செலவு பேட்ச்சுக்கு ஒரே ஒரு குப்பி.

செய்முறை இப்படி. டிடிக்குத் தனியாக, பென்டாவுக்குத் தனியாக, ஹெபடைடிஸ் பிக்குத் தனியாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனித்தனியாக. சந்தேகக் குப்பி எந்த நிறுவனம், எந்த பேட்ச்சோ, அதே பேட்ச்சிலிருந்து ஒரு குப்பியை ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் அழியாத மையால் ‘உறைந்தது, போடக் கூடாது’ என்று முதலில் எழுதுங்கள். எழுதாமல் ஃப்ரீசரில் வைத்த ஒப்பீட்டுக் குப்பி மறுநாள் நல்ல குப்பியோடு கலந்துபோன சம்பவங்கள் உண்டு. ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் ஓர் இரவு, குறைந்தது 10 மணி நேரம், கல் போல ஆகும்வரை வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் மைனஸ் 20ஐத் தொடாமல் போகலாம். கவிழ்த்துப் பாருங்கள், உள்ளே எதுவும் அசையக் கூடாது. அரைகுறையாகக் குழகுழவென்று இருந்தால் ஒப்பீடே பொய்யாகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்து டீப் ஃப்ரீசரில் வைத்துத் தரச் சொல்லலாம்.

காலையில் எடுத்து அறை வெப்பத்திலேயே முழுக்க இளக விடுங்கள். வெந்நீரில் போடுவது, உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பது வேண்டாம். இளகியதும் ஒப்பீட்டுக் குப்பியையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து 10 முதல் 15 விநாடி வலுவாகக் குலுக்குங்கள். ஒரே கை என்பது முக்கியம், இரண்டுக்கும் ஒரே விசை கிடைக்க வேண்டும். பிறகு சமமான மேசையில், வெளிச்சத்துக்கு எதிரே, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு கையை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு தொடக் கூடாது.

குலுக்கியவுடன் இரண்டும் ஒரே மாதிரி கலங்கலாகத்தான் இருக்கும். சில நிமிடத்தில் வித்தியாசம் தொடங்கும். உறைந்த குப்பியில் மேலே கழுத்துக்குக் கீழே ஒரு தெளிந்த அடுக்கு தெரிய ஆரம்பிக்கும், அது கீழ்நோக்கி இறங்கும். உற்றுப் பார்த்தால் கலங்கலுக்குள் பொடிப்பொடியான திட்டுகள் விழுவது தெரியும். அடியில் வெண்மையான படிவு சேரும். உறையாத குப்பி அதே நேரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கலங்கியே நிற்கும். 30 நிமிடம்வரை பாருங்கள். சந்தேகக் குப்பி ஒப்பீட்டுக் குப்பியைவிட மெதுவாகத் தெளிந்தால் அது உறையவில்லை, போடலாம். அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ தெளிந்தால் அது உறைந்திருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். லேபிள் மறைத்துக்கொண்டு அடிப்பகுதி தெரியாவிட்டால் இரண்டையும் தலைகீழாக நிறுத்தி, கழுத்தில் படிவு சேர்வதைப் பாருங்கள்.

ஒரு குப்பி தேறிவிட்டது என்று முழுப் பெட்டியையும் விடுவிக்காதீர்கள். மேலே சொன்ன காரணத்தால் அந்தத் தட்டில் இருந்த ஒவ்வொரு குப்பியையும் சோதிப்பதே சரி. ஃப்ரீசர் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தவற்றில் தொடங்குங்கள். ஒரு பேட்ச்சில் ஒரே ஒரு குப்பிதான் இருக்கிறது என்றால் ஒப்பிட ஆளில்லை, அதைப் போடாமல் விட்டுவிடுங்கள். கண்ணெதிரே கட்டியாக உறைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டால் ஷேக் டெஸ்ட்டே வேண்டாம், நேரே ஒதுக்க வேண்டியதுதான்.

இந்தச் சோதனை அலுமினியம் சேர்ந்த ஊசிகளுக்கு மட்டும் பொருந்தும். தனியாக வரும் ஐபிவி போலியோ ஊசியில் அலுமினியம் இல்லை. அது உறைந்ததா என்று குலுக்கிக் கண்டுபிடிக்க முடியாது, சந்தேகம் வந்தால் ஒதுக்கத்தான் வேண்டும். ரணஜன்னிக்கான இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்புக்குப் போடும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்) அப்படித்தான். உலர்பொடியாக வரும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), எம்.ஆர். உறைவதால் கெடாது, ஆனால் அவற்றைக் கலக்கும் திரவமான டைலூயன்ட்டை உறையவிட்டால் கண்ணாடி விரிசல் விடும். அதே தட்டில் இன்சுலின் வைத்திருந்தீர்களா என்றும் பாருங்கள். உறைந்த இன்சுலினும் போடத் தகாதது.

இனி அந்த இரண்டு பேர். அவர்களுக்குப் போட்ட குப்பி எது என்று பதிவேட்டில் தெரிந்தால், மிச்சம் இருக்கும் அந்தக் குப்பியையே ஷேக் டெஸ்ட்டில் முதலில் வையுங்கள். தேறினால் ஒன்றும் செய்ய வேண்டாம். உறைந்தது என்று தெரிந்தால், அல்லது குப்பி காலியாகிச் சோதிக்க வழியில்லை என்றால், அந்த டோஸைக் கணக்கில் எடுக்காமல் திரும்பப் போடுவதே ஏற்றுக்கொள்ளப்பட்ட நடைமுறை. அவர்களில் யாராவது கர்ப்பிணியா, காயத்துக்காகப் போட்டவரா என்று பாருங்கள். மண்பட்ட ஆழமான காயத்தோடு வந்தவர், முன்பு முழுத் தவணை போடாதவர் என்றால் அவரை இன்றே கூப்பிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்கு இம்யூனோகுளோபுலின் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். அழைக்கும்போது நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: ‘ஊசி குளிரில் உறைந்திருக்கலாம், உடம்புக்குக் கெடுதல் இல்லை, பலன் குறைந்திருக்கலாம் என்பதால் மறுபடி போடுகிறோம்.’ ஊசி போட்ட இடத்தில் வீக்கமோ கட்டியோ வந்தால் வரச் சொல்லுங்கள்.

அடுத்து ஃபிரிட்ஜ். வீட்டு ஃபிரிட்ஜ் தடுப்பூசிக்காகச் செய்யப்பட்டதல்ல. கிடைத்தால் ஐ.எல்.ஆர். (தடுப்பூசிக்கென்றே செய்த, உட்சுவரில் ஐஸ் அடுக்கு உள்ள ஃபிரிட்ஜ்) கேட்டுப் பெறுங்கள். அதுவரை இதையே வைத்துச் சமாளிக்க வேண்டும் என்றால் ஃப்ரீசருக்கு நேர்கீழே உள்ள சில் ட்ரேயை இன்றே காலி செய்யுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் குளிர் அங்கிருந்துதான் இறங்குகிறது, முதலில் உறையும் இடமும் அதுவே. கதவுத் தட்டு எதிர்ப்பக்கக் கோளாறு, திறக்கும்போதெல்லாம் சூடாகும். கீழே உள்ள காய்கறிப் பெட்டியும் வேண்டாம். மிஞ்சுவது நடுத்தட்டுகள். அங்கேயும் பின்சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி, பெட்டிகளுக்கு நடுவே காற்று போக வழிவிட்டு அடுக்குங்கள். காய்கறிப் பெட்டியிலும் கதவுத் தட்டிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வையுங்கள். மின்தடையில் சூடாவதையும், மின்சாரம் வந்தபின் சட்டென்று குளிர்வதையும் அந்தத் தண்ணீர் தாமதப்படுத்தும். சாப்பாடு, பால், குடிக்கும் தண்ணீர் எதுவும் அதற்குள் போகக் கூடாது.

உங்களுக்கு நேர்ந்தது மின்தடை முடிந்த பிறகு. பெரும்பாலும் அப்போதுதான் நேரும். உள்ளே சூடேறியிருப்பதால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும், ஃப்ரீசரை ஒட்டிய பகுதி உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். மழைக்காலத்து இரவிலும் இதே ஆபத்து உண்டு, குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகில் கோடையில் வைத்த அதே எண் அப்போது அதிகப்படியாகிவிடும். திருகில் எண் கூடினால் குளிர் கூடும் என்று பொருள், அது டிகிரி அல்ல. மின்தடை நேரத்தில் ‘சீக்கிரம் குளிரட்டும்’ என்று யாரும் அதைத் திருகாமல் இருக்க, சரியான இடம் கிடைத்ததும் டேப் ஒட்டிவிடுங்கள். பிளக் பாயின்ட்டிலும் ‘அணைக்காதே’ என்று ஒட்டுங்கள்.

தெர்மாமீட்டரை ஃப்ரீசர் தட்டிலிருந்து எடுத்து குப்பிகளுக்கு நடுவே வையுங்கள். காலை, மாலை இருவேளையும் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்பட. முடிந்தால் தொடர்ந்து பதிவு செய்யும் மின்னணுக் கருவி வாங்குங்கள். மைனஸ் 0.5க்குக் கீழே 60 நிமிடம் தொடர்ந்து இருந்தால் எச்சரிக்கை காட்டும் கருவிகள் கிடைக்கின்றன. இருவேளை பார்க்கும் தெர்மாமீட்டருக்கு இரவு 2 மணிக்கு என்ன நடந்தது என்று தெரியாது. இருப்பது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் நிறையப் பொடித்த ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டரின் முனை அடியையும் பக்கத்தையும் தொடாமல் நடுவில் நிற்கும்படி சில நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். ஒரு டிகிரிக்கு மேல் தள்ளிக் காட்டினால் மாற்றிவிடுங்கள்.

வெளியே முகாமுக்கு எடுத்துப் போகும்போதும் இதே தவறு நடக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் (குப்பிகளை எடுத்துப் போகும் குளிர்ப் பெட்டியில்) வைத்தால் அதைத் தொட்டிருக்கும் டிடி குப்பி உறையும். ஐஸ் பேக்கை வெளியே வைத்து மேற்பரப்பு வியர்த்து, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலப்பு கேட்கும்வரை காத்திருங்கள். அதன் பிறகு நான்கு ஐஸ் பேக்கையும் கேரியரின் பக்கங்களில் வைத்து, குப்பிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நடுவில் வையுங்கள்.

கடைசிக் கேள்வி எம்.ஆர். மிச்சம். கூடாது. கலக்கிய 4 மணி நேரத்துக்குள் அல்லது அன்றைய முகாம் முடிவதற்குள், எது முந்துகிறதோ அப்போது, மிச்சத்தை ஒதுக்க வேண்டும். டிடி, பென்டா, ஹெபடைடிஸ் பி குப்பிகளில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்த்திருப்பதால், சுத்தமாகக் கையாண்டு, திறந்த தேதியும் நேரமும் எழுதி, 2 முதல் 8 டிகிரியில் வைத்திருந்தால் திறந்த பிறகு 28 நாள்வரை போடலாம். எம்.ஆரில் அந்தப் பொருள் கிடையாது. கலக்கும்போது ஊசி முனை வழியாக ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் உள்ளே போனால் சில மணி நேரத்தில் பெருகி நச்சு சுரந்துவிடும். அந்த மருந்தைப் போட்ட குழந்தைக்கு அதே நாளில் வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் தொடங்கி, சில மணி நேரத்தில் அதிர்ச்சி நிலைக்குப் போகும். தெற்கு சூடானில் 2017 மே மாதம் தட்டம்மை முகாமில் 15 குழந்தைகள் இறந்தார்கள். கலக்க ஒரே சிரிஞ்சையே 4 நாளும் பயன்படுத்தியிருந்தார்கள், குளிர்ப் பாதுகாப்பும் இல்லை. மருந்தில் கிருமி கலந்ததால் வந்த கடும் தொற்றும் நச்சுத்தன்மையும்தான் காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. உங்கள் ஊசி மேசையில் கலக்கிய நேரத்தைக் குப்பி மேலேயே எழுதும் பழக்கத்தை நர்ஸிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு குப்பிக்கும் புது கலக்கும் சிரிஞ்ச், அதே நிறுவனத்தின் டைலூயன்ட். நேரம் எழுதாத குப்பி கையில் வந்தால் எத்தனை டோஸ் மிச்சம் இருந்தாலும் போட வேண்டாம்.